தாளில் 0.75, தண்ணீரில் எவ்வளவு?

மாணவர்களே, உங்கள் முன் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் இருக்கிறது. நிறம் இல்லை, வாடை இல்லை, அடியில் தூசும் இல்லை. குடிக்கலாமா?

பெரும்பாலோர் "குடிக்கலாம்" என்றுதான் சொல்வோம். கண்ணும் மூக்கும் நாக்கும் சொல்வதை நம்புவது மனித இயல்பு. ஆனால் தண்ணீர் விஷயத்தில் இந்த மூன்று சாட்சிகளும் போதாது. இ.கோலி என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஏறக்குறைய 500-ஐ நீளவாக்கில் வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். ஒரு குவளையில் சில ஆயிரம் இ.கோலி இருந்தாலும் தண்ணீர் பளிங்கு போலத்தான் தெரியும். வாடையும் வராது, சுவையும் மாறாது.

அப்படியானால் தண்ணீர் பாதுகாப்பானதா என்று எப்படி அறிவது? அளந்து பார்த்துத்தான் அறிய வேண்டும். அளக்க வேண்டியவர்கள் அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு சிறிய ஊர் 2000-ஆம் ஆண்டில் உலகத்துக்குக் காட்டியது. அந்த ஊரின் கதையோடு, அதற்குள் இருக்கும் அறிவியலையும் இந்த வாரம் பார்ப்போம்.

ஊரும் கிணறும்

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இருக்கிறது வாக்கர்ட்டன். விவசாயமும் மாட்டுப் பண்ணைகளும் சூழ்ந்த ஊர். அப்போது அங்கு ஏறக்குறைய 5,000 பேர் வாழ்ந்தார்கள். பெரிய ஆறு, பெரிய அணை, பெரிய சுத்திகரிப்பு நிலையம் என்று எதையும் நம்பி அந்த ஊர் இல்லை. ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நீரை எடுத்து, குளோரின் கலந்து, குழாய் வழியாக வீடுகளுக்கு அனுப்பினார்கள். 2000-ஆம் ஆண்டில் 5, 6, 7 என்று எண் இடப்பட்ட மூன்று கிணறுகள் பயன்பாட்டில் இருந்தன.

நம் கதை 5-ஆம் கிணற்றைப் பற்றியது. 1978-இல் தோண்டப்பட்ட அதன் மொத்த ஆழம் 15 மீட்டர். ஆனால் தண்ணீரின் பெரும்பகுதி 5 முதல் 8 மீட்டர் ஆழத்திலிருந்தே வந்தது. இது மிகக் குறைந்த ஆழம்.

நிலத்தடி நீர் பொதுவாக ஏன் சுத்தமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மழைநீர் மண்ணுக்குள் மெல்ல மெல்ல இறங்குகிறது. மணலும் களிமண்ணும் வடிகட்டியாக வேலை செய்கின்றன. கிருமிகள் மண்துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன. நாள்பட நாள்பட இறந்தும் போகின்றன. இதற்கு இரண்டு தேவை. ஒன்று, போதுமான தடிமனில் மண். மற்றொன்று, போதுமான காலம். 5-ஆம் கிணற்றுக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. மேலே மண் குறைவு. கீழே இருந்த பாறையில் விரிசல்கள் அதிகம். விரிசல் விழுந்த பாறை வடிகட்டியாக வேலை செய்யாது. அது நீரை விரைவாகக் கடத்திவிடும் ஓட்டைக் குழாய்.

பக்கத்திலேயே ஒரு மாட்டுப் பண்ணை இருந்தது. ஏப்ரல் மாத இறுதியில் அங்கே வயலுக்கு எருவாகச் சாணம் போட்டிருந்தார்கள். இதில் விவசாயியின் தவறு எதுவும் இல்லை, அவர் முறைப்படியே நடந்துகொண்டார் என்று பின்னர் நடந்த விசாரணையும் கூறியது.

மே 8-ஆம் தேதி மழை தொடங்கியது. ஐந்து நாட்களில் 134 மில்லிமீட்டர் கொட்டியது. மே 12 அன்று மட்டும் 70 மில்லிமீட்டர். வயலில் கிடந்த எருவைக் கழுவிக்கொண்டு மழைநீர் மண்ணுக்குள் இறங்கியது, பாறை விரிசல்களுக்குள் புகுந்தது, கிணற்றைச் சேர்ந்தது. அதனோடு இரண்டு கிருமிகளும் வந்தன. ஒன்று கேம்பைலோபாக்டர். மற்றொன்று இ.கோலி ஓ157:எச்7.

இ.கோலி என்றாலே ஆபத்து என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் குடலிலும் என் குடலிலும் இப்போதே கோடிக்கணக்கில் இ.கோலி இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. ஓ157:எச்7 வகை வேறு. அது மாட்டின் குடலில் அமைதியாக வாழும். மாட்டுக்கு நோய் வராது. மனிதனுக்குள் போனால் ஷிகா எனப்படும் நச்சைச் சுரக்கும். நூற்றுக்கும் குறைவான கிருமிகள் உள்ளே போனாலே போதும், நோய் வரலாம். கடும் வயிற்றுவலியும் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் ஏற்படும். சிலருக்கு அந்த நச்சு சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சேதப்படுத்திவிடும். சிறு பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் இது உயிருக்கே ஆபத்து.

மிஞ்சிய சோறு சொல்லும் செய்தி

கிணற்றுக்குள் கிருமி வந்துவிட்டது. ஆனாலும் மக்களைக் காப்பாற்ற இன்னொரு சுவர் இருந்தது. அதுதான் குளோரின்.

தண்ணீரில் கலக்கும்போது குளோரின் ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறுகிறது. இந்த அமிலம் பாக்டீரியாவின் வெளிச்சுவரை ஊடுருவி, உள்ளே இருக்கும் நொதிகளையும் மரபுப் பொருளையும் ஆக்சிஜனேற்றம் செய்து அழிக்கிறது. ஓ157:எச்7-உம் இதற்குத் தப்பாது. தண்ணீரின் காரத்தன்மை கூடினால் இந்த அமிலத்தின் பங்கு குறைந்து, குளோரினின் வீரியமும் குறையும். கொல்வதற்குச் சிறிது நேரமும் வேண்டும். ஊற்றிய அடுத்த நொடியே வேலை முடிந்துவிடாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. குளோரினுக்குக் கிருமி எது, அழுக்கு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. சாணத் துகள், அழுகிய இலை, இரும்பு, அம்மோனியா என எதிர்ப்படும் எல்லாவற்றோடும் அது வினைபுரியும். அழுக்கு அதிகமானால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். இதைக் குளோரின் தேவை என்பார்கள். அந்தத் தேவை தீர்ந்த பிறகும் நீரில் மிஞ்சி நிற்பது எச்சக் குளோரின்.

கோயில் அன்னதானத்தை நினைத்துப் பாருங்கள். பந்தி முடிந்த பிறகும் அண்டாவில் சோறு மிஞ்சியிருந்தால், வந்தவர் எல்லாரும் சாப்பிட்டுவிட்டார்கள் என்று நிம்மதியாகச் சொல்லலாம். அண்டா காலியாகிவிட்டால்? எத்தனை பேர் பசியோடு திரும்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது. எச்சக் குளோரினும் அந்த மிஞ்சிய சோறு போலத்தான். அது இருந்தால் வேலை முடிந்தது என்று பொருள். இல்லாவிட்டால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது, ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்று பொருள்.

எளிய கணக்கு ஒன்று பார்ப்போம். ஒரு லிட்டருக்கு 0.75 மில்லிகிராம் குளோரின் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் நீரின் குளோரின் தேவை 0.20. மிச்சம் 0.55. நல்லது. பெருமழைக்குப் பிறகு தேவை 0.90 ஆகிவிடுகிறது. போட்ட அளவு அதே 0.75. மிச்சம்? ஒன்றுமே இல்லை. கருவி ஓடிக்கொண்டிருக்கிறது, குளோரினும் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் போட்ட அளவு முக்கியமல்ல, மிஞ்சிய அளவே முக்கியம் என்கிறோம்.

ஒன்டாரியோவின் விதி என்ன சொன்னது தெரியுமா? குளோரின் கலந்து 15 நிமிடங்கள் கழித்து, ஒரு லிட்டரில் குறைந்தது 0.5 மில்லிகிராம் எச்சக் குளோரின் இருக்க வேண்டும். அதை நாள்தோறும் அளக்க வேண்டும். அளப்பது கடினமான வேலையும் அல்ல. சிறு குப்பியில் நீரை எடுத்து, வேதிப்பொருள் சேர்த்தால் நிறம் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். சில நிமிட வேலைதான்.

ஒரே மாதிரியான எண்கள்

வாக்கர்ட்டனின் தண்ணீரைக் கவனித்துக்கொண்டவர்கள் அந்தச் சில நிமிடங்களைப் பெரும்பாலான நாட்களில் செலவிடவில்லை. போட வேண்டிய அளவு குளோரினைப் போடவில்லை. அளக்காமலேயே தினசரிப் பதிவுத் தாளில் எண்களை எழுதினார்கள். தாளைப் புரட்டினால் 0.5 அல்லது 0.75 என்ற எண்களே நாள்தோறும் திரும்பத் திரும்ப வந்தன.

அறிவியல் படிக்கும் உங்களுக்கு இந்த இடத்தில் சந்தேகம் வர வேண்டும். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, நீரின் வெப்பநிலை மாறுகிறது. எச்சக் குளோரின் மட்டும் எப்படி அசையாமல் நிற்கும்? இயற்கையில் எடுத்த அளவுகள் சற்றே ஏறி இறங்கும். அப்படி ஏறி இறங்காத எண்களைக் கண்டால், அளந்தவர் உண்மையிலேயே அளந்தாரா என்று கேட்கலாம்.

அவர்கள் ஊரைக் கெடுக்க நினைத்த கெட்டவர்களா? அப்படிச் சொல்ல முடியாது. தங்கள் கிணற்று நீர் இயல்பாகவே நல்ல நீர் என்று நம்பினார்கள். குளோரின் கலக்காத நீரைத் தாங்களே குடித்தும் வந்தார்கள். ஊர் மக்களில் சிலர் குளோரின் வாடையைப் பற்றிக் குறைசொன்னதும் உண்டு. ஓ157:எச்7 எவ்வளவு ஆபத்தானது என்பது அவர்களுக்குத் தெரியாது. முறையான பயிற்சியும் பெற்றிருக்கவில்லை. அனுபவத்தைக் கொண்டே உரிமம் வழங்கப்பட்டிருந்தது. இத்தனை ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லையே, இனியும் ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு இருந்தது. பெருமழை வந்த நாட்களிலும் பழக்கம் மாறவில்லை. தாளில் 0.75 என்று எழுதப்பட்டது.

பத்து நாட்கள்

மே 15 அன்று நீர் மாதிரிகள் எடுக்கப்பட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போயின. மே 17 அன்று முடிவு வந்தது: தண்ணீரில் இ.கோலி இருக்கிறது. நீர் வாரியத்தின் மேலாளர் அதைச் சுகாதாரத் துறைக்குச் சொல்லவில்லை.

மே 18 அன்று பிள்ளைகள் நோயுற்று மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். மே 19 அன்று ஒரு குழந்தை மருத்துவர் ஐயம்கொண்டு சுகாதாரத் துறைக்குத் தகவல் தந்தார். சுகாதாரத் துறையினர் நீர் வாரியத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, தண்ணீர் நன்றாக இருப்பதாகப் பதில் கிடைத்தது. அதே நாளில் மேலாளர் குழாய்களை அலசிவிட்டு, குளோரின் அளவை வெகுவாகக் கூட்டத் தொடங்கியிருந்தார். மறுநாளும் கேட்டார்கள், அதே பதில்தான்.

மே 21, பிற்பகல் 1.30 மணி. நோயாளிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனதால், நீர் வாரியத்தின் பதிலை மட்டும் நம்பியிராமல், தண்ணீரைக் கொதிக்கவைத்தே பயன்படுத்துங்கள் என்று சுகாதாரத் துறை அறிவித்தது. தானே எடுத்த மாதிரிகளின் முடிவு மே 23 அன்று வந்தபோது அந்த ஐயம் உறுதியானது.

அதற்குள் தாமதமாகிவிட்டது. 7 பேர் இறந்தார்கள். 2,300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். ஊரின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி. 27 பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது. கொதிக்கவைக்கச் சொன்ன அறிவிப்பு அந்த ஆண்டு டிசம்பர் 5 வரை நீடித்தது. ஆறு மாதங்களுக்கு மேல் ஓர் ஊரே குழாய்நீரை நேரடியாகக் குடிக்க முடியாமல் தவித்தது.

நீதிபதி டென்னிஸ் ஓகானர் தலைமையில் விசாரணை நடந்தது. 2002-இல் அறிக்கை வெளிவந்தது. 5-ஆம் கிணற்றில் எச்சக் குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவிகள் இருந்திருந்தால், இந்த நோய்ப் பரவல் தடுக்கப்பட்டிருக்கும். கையாலேயே நாள்தோறும் முறையாக அளந்திருந்தாலும் பாதிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். மே 17 முடிவை மறைக்காமல் சொல்லியிருந்தால் 300 முதல் 400 பேர் வரை நோயிலிருந்து தப்பியிருப்பார்கள். இவை அந்த அறிக்கையின் முடிவுகள்.

அறிக்கை பணியாளர்களை மட்டும் குறைகூறி நிறுத்திக்கொள்ளவில்லை. அரசின் மேற்பார்வை தளர்ந்திருந்ததையும் சுட்டிக்காட்டியது. 1996-இல் நீர் ஆய்வு தனியார் ஆய்வுக்கூடங்களுக்குப் போனபோது, கெட்ட முடிவு வந்தால் அரசுக்கும் நேரடியாகத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் செய்யாமல் விட்டிருந்தார்கள். 2002-இல் ஒன்டாரியோ பாதுகாப்பான குடிநீருக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. 2004-இல் நீர் நிலையப் பணியாளர்களுக்கான பயிற்சி மையம் அதே வாக்கர்ட்டனில் நிறுவப்பட்டது. அதே ஆண்டு மேலாளருக்கு ஓராண்டு சிறையும், அவருடன் பணியாற்றிய சகோதரருக்கு ஒன்பது மாத வீட்டுக் காவலும் விதிக்கப்பட்டன.

ஒரு சுவர் போதாது

நீர்ப் பொறியாளர்கள் ஒற்றைப் பாதுகாப்பை நம்புவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல சுவர்களை எழுப்புகிறார்கள். நீர் ஊற்றெடுக்கும் இடத்தைக் காப்பது முதல் சுவர். படியவிடுவதும் வடிகட்டுவதும் இரண்டாவது. கிருமி நீக்கம் மூன்றாவது. குழாயையும் தொட்டியையும் கசிவில்லாமல் பேணுவது நான்காவது. அளப்பதும் எச்சரிப்பதும் ஐந்தாவது.

ஏன் இத்தனை? ஒவ்வொரு சுவரிலும் ஓட்டை உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு எளிதில் அடங்காது; அதற்கு நல்ல வடிகட்டி வேண்டும். வடிகட்டி தடுக்க முடியாத நுண்மங்களைக் குளோரின் கொல்லும். கலங்கல் அதிகமானால் கிருமிகள் துகள்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், குளோரினும் வீணாகும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

நம் நாட்டிலும் சிறிய நீர் அமைப்புகள் இருக்கின்றன. உட்புறக் கிராமங்களிலும் ஓராங் அஸ்லி குடியிருப்புகளிலும் சரவாக்கின் நீண்ட வீடுகளிலும் மலையோடை நீரைக் குழாய்வழி இறக்கிக் கொண்டுவரும் அமைப்புகளைக் காணலாம். மேட்டில் ஓடையை மறித்து ஒரு சிறு தடுப்பு, அங்கிருந்து ஒரு குழாய், கீழே ஒரு தொட்டி. மின்சாரமோ பம்போ தேவையில்லை. புவியீர்ப்பு விசையே வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கிடைக்கும் என்பதைப் பௌதிகப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அழகான ஏற்பாடு. ஆனால் ஓடையில் மேலே ஒரு விலங்கு செத்துக் கிடந்தாலோ, பெருமழையில் சேறு இறங்கினாலோ கீழே தொட்டியில் அதன் விளைவு தெரியும். சுத்திகரிக்காத ஓடை நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். நீர் நன்கு தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் நின்றால், நோய் தரும் பாக்டீரியாக்களும் வைரஸ்களும் ஒட்டுண்ணிகளும் அழிந்துவிடும்.

நம் சுகாதார அமைச்சின் குடிநீர்த் தரவிதிப்படி, சுத்திகரித்த நீரில் எச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். கலங்கல் 5 என்.டி.யூ. அளவைத் தாண்டக் கூடாது. 100 மில்லிலிட்டரில் ஓர் இ.கோலிகூட இருக்கக் கூடாது. தீங்கில்லாத இ.கோலி இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். அது குடலில் வாழும் உயிரி. தண்ணீரில் அது இருந்தால், மலக்கழிவு கலந்திருக்கிறது என்று பொருள். புகையைக் கண்டால் நெருப்பைத் தேடுவோம் அல்லவா? அதுபோல இ.கோலியைக் கண்டால் மற்ற கிருமிகளைத் தேட வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டுக் கூரையில் நீர்த்தொட்டி இருந்தால், அதன் மூடி சரியாக இருக்கிறதா, கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று பெற்றோரிடம் கேளுங்கள். நீங்களாக ஏறிப் பார்க்க வேண்டாம். தொட்டியில் நீர் தேங்கிக் கிடக்கும் நேரம் கூடக் கூட, எச்சக் குளோரின் குறையும்.

2. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அதன்மேல் உயரமான கண்ணாடிக் குழலை வைத்து, மேலிருந்து பார்த்துக்கொண்டே நீரை ஊற்றுங்கள். எந்த உயரத்தில் குறி மறைகிறது? குழாய்நீர், மழைக்குப் பிந்தைய வடிகால் நீர் இரண்டையும் ஒப்பிடுங்கள். குறி சீக்கிரம் மறைந்தால் கலங்கல் அதிகம். வடிகால் நீரைத் தொட்டபின் கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள்.

3. இது கணக்கு மட்டும். செய்து பார்ப்பதற்கு அல்ல. 1,000 லிட்டர் தொட்டிக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் தேவை. கையில் இருப்பது 65 விழுக்காடு குளோரின் கொண்ட தூள். எத்தனை கிராம் தூள் வேண்டும்? (விடை: தேவைப்படும் குளோரின் 2 கிராம். 2-ஐ 0.65-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3.1 கிராம்.) ஒரு தேக்கரண்டி அளவுகூட இல்லை. ஓர் ஊரின் பாதுகாப்பு அவ்வளவு சிறிய பொருளில் அடங்கியிருக்கிறது.

வெற்றுக் கட்டம்

அறிவியல் கூடத்தில் டைட்ரேஷன் செய்கிறீர்கள். மணி அடிக்கப் போகிறது. இரண்டு முறை அளந்தாயிற்று. மூன்றாவது முறைக்கு நேரம் இல்லை. அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. முதல் இரண்டு எண்களைப் பார்த்து, பொருத்தமான ஓர் எண்ணை எழுதிவிடலாம் என்று கை துடிக்கும். பக்கத்தில் இருப்பவரும், "எழுதுடா, யாருக்குத் தெரியப் போகுது?" என்பார்.

எழுதாதீர்கள். காலியாக விடுங்கள். ஒரு மதிப்பெண் போகலாம், போகட்டும்.

வெற்றுக் கட்டத்தைப் பார்ப்பவருக்கு, இங்கே அளக்கவில்லை என்ற உண்மை தெரியும். அவர் போய் அளப்பார். பொய் எண்ணைப் பார்ப்பவரோ, அளந்தாகிவிட்டது, கவலை இல்லை என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். வாக்கர்ட்டனின் பதிவுத் தாளில் அந்த மே மாதம் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்திருந்தால், யாராவது ஒருவர் ஏன் என்று கேட்டிருக்கக்கூடும்.

இன்று அறிவியல் கூடத்தில் எண்களை எழுதும் உங்களில் சிலர், நாளை ஒரு நீர் நிலையத்திலோ மருத்துவமனையிலோ பாலம் கட்டும் இடத்திலோ எண்களை எழுதுவீர்கள். அந்த எண்ணை நம்பி, உங்களுக்கு முகமே தெரியாத ஒரு குழந்தை குழாயைத் திறந்து தண்ணீர் குடிக்கும்.